யார் முதலாளி என்று தெரியாத வேலை

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி, 2017-18ல் இந்தியாவில் வேலையின்மை 6.1 சதவீதம். 2023-24ல் அது 3.2. ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. இடையில் ஒரு பெருந்தொற்று வந்துபோன பிறகும் இப்படி என்றால் மகிழத்தான் வேண்டும். ஆனால் அதே அறிக்கையின் அடுத்த பக்கங்களைப் புரட்டினால் அந்த மகிழ்ச்சி நிலைப்பதில்லை. சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆக ஏறியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8லிருந்து 21.7 ஆக இறங்கியிருக்கிறது. வேளாண்மையில் இருப்போர் 44.1லிருந்து 46.1 ஆகக் கூடியிருக்கிறார்கள். நாடு வளர வளர மக்கள் வயலை விட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போவார்கள் என்பது பொருளியலின் பாலபாடம். இங்கே ஒரு பகுதியினர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார்கள்.

வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். வீட்டில் சம்பாதிக்க இன்னொருவர், கையில் கொஞ்சம் சேமிப்பு, படிப்புக்கேற்ற வேலை வரும்வரை பொறுத்திருக்கும் தெம்பு எல்லாம் இருப்பவரால்தான் கணக்கெடுக்க வருபவரிடம் "வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்ல முடியும். மற்றவர்கள் கிடைத்ததைச் செய்கிறார்கள். அந்த ஆண்டில் முப்பது நாள் ஏதாவது ஒரு வேலை பார்த்திருந்தாலே வேலையில் உள்ளவராகக் கொள்ளும் அளவுகோல் இது. எனவே வேலை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இந்த நாட்டுக்குப் போதாது. அந்த வேலைக்கு யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும்.

முறைசாரா உழைப்பு பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது அர்ஜுன் சென்குப்தா ஆணையத்தின் அறிக்கை. 2004ல் அமைக்கப்பட்ட அந்த ஆணையம் 2007ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி மட்டும் நாடெங்கும் பேசப்பட்டது: நாட்டு மக்களில் 77 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 20 ரூபாய்க்கும் குறைவாகச் செலவழித்து வாழ்கிறார்கள் என்பது. அந்த எண் எழுப்பிய அதிர்ச்சியில் இன்னொரு கண்டுபிடிப்பு அமுங்கிப்போனது. 1999-2000க்கும் 2004-05க்கும் இடையில் பதிவுபெற்ற, முறையான நிறுவனங்களில் கூடிய வேலைகள் அனைத்தும் முறைசாரா வேலைகளே என்று ஆணையம் கணக்கிட்டுக் காட்டியது. பெரிய நிறுவனங்கள் ஆள் எடுத்தன. ஆனால் எடுத்த ஆளுக்கு நிரந்தரமோ வைப்புநிதியோ சம்பளத்தோடு விடுப்போ தரவில்லை. அன்று மொத்த உழைப்பாளர்களில் முறைசாரா நிலையில் இருந்தோர் 92 சதவீதம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024ல் வெளியிட்ட அறிக்கையும் ஏறத்தாழ 90 சதவீதம் என்றே சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் உற்பத்தி, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், சுமார் மூன்று மடங்காகியிருக்கிறது.

இவ்வளவு வளர்ச்சியும் ஒரு சதவீதத்தையோ இரண்டு சதவீதத்தையோதான் அசைத்தது என்றால், முறைசாரா வேலையைப் பழைய காலத்தின் மிச்சம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அது அன்றாடம் புதிதாக உண்டாக்கப்படுகிறது. ஒருவரின் உழைப்பால் ஆதாயம் அடைபவரையும் அந்த உழைப்பாளிக்குப் பொறுப்பேற்க வேண்டியவரையும் வெவ்வேறு ஆட்களாகப் பிரித்துவிடும் ஏற்பாடுகள்தாம் அதை உண்டாக்குகின்றன. இந்தக் கட்டுரை அந்த ஏற்பாடுகளைப் பற்றியது.

மிச்சம் என்ற எண்ணத்துக்கு மதிப்புமிக்க ஒரு வரலாறு உண்டு. செயிண்ட் லூசியாவில் பிறந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் 1954ல் எழுதிய கட்டுரைதான் அதன் ஊற்று. ஏழை நாடுகளில் துறைமுகக் கூலிகள், சில்லறை வியாபாரிகள், வீட்டு வேலைக்காரர்கள் என்று தேவைக்கு மேல் ஆட்கள் நிரம்பியிருக்கிறார்கள். நவீனத் துறை விரிய விரிய இவர்களை ஈர்த்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் ஆள் பற்றாக்குறை வந்து கூலி உயரும் என்றார் அவர். 1971ல் கீத் ஹார்ட் என்ற மானுடவியலாளர் கானாவின் அக்ரா நகரில், நீமா குடியிருப்பில் வாழ்ந்த ஃப்ராஃப்ரா மக்களைப் பற்றிய ஆய்வை முன்வைத்தபோது, அரசுக் கணக்கில் வேலையற்றோர் எனப்பட்டவர்கள் உண்மையில் ஓய்வே இல்லாமல் பல தொழில் செய்து பிழைப்பதை உலகம் கவனித்தது. அடுத்த ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யக் குழு அந்தப் பார்வையை ஏற்றுக்கொண்டது. அதன்பின் நெடுங்காலம் முறைசாரா என்பது சிறு தொழில்களின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. 1993ல் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு வகுத்த வரையறையும் நிறுவனத்தை வைத்துத்தான் அளந்தது. 2003ல்தான் அளவுகோல் மாறியது. நிறுவனம் முறையானதாகவே இருந்தாலும், அதில் வேலை செய்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு நடைமுறையில் எட்டவில்லை என்றால் அவரும் முறைசாரா உழைப்பாளியே என்று வரையறுத்தார்கள். பெரிய ஆலையின் வாயிலுக்குள் நடப்பதும் அப்போதுதான் கணக்குக்குள் வந்தது.

அந்த வாயிலுக்குள் போய்ப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள ஆலைகளுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வருகின்றன. இறங்கும் இளைஞர்கள் ஒரே வாயிலில் நுழைந்து ஒரே தொடர்வரிசையில் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, பக்கத்தில் இருப்பவர் ட்ரெய்னி, அடுத்தவர் அப்ரண்டிஸ், அதற்கடுத்தவர் கான்ட்ராக்ட். கை செய்யும் வேலையில் வேறுபாடு இராது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சம்பளம் போடுபவர் ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சிக்காரர். ஆலைக்கும் அவருக்கும் சட்டப்படி நேரடி உறவு இல்லை.

இப்படி ஆகக் கூடாது என்றுதான் 1970ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆண்டு முழுவதும் நடக்கிற, ஆலைக்கு இன்றியமையாத வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அது அதிகாரம் தந்தது. அப்படித் தடைசெய்தால் அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஆட்கள் ஆகிவிடுவார்கள் என்று 1996ல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஐந்தே ஆண்டில், 2001ல், இந்திய எஃகு ஆணைய வழக்கில் அதே நீதிமன்றம் அதை மாற்றியது: தடைசெய்தாலும் ஆலை அவர்களைத் தன்னிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியானால் எந்தத் தொழிலாளி தடை கேட்டு வழக்குப் போடுவார்? போட்டு வென்றால் இருக்கிற வேலையும் போய்விடும். அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு இந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய காலத்தைத் தெளிவாகவே காட்டுகிறது. 2000த்தின் தொடக்கத்தில் பதிவுபெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. இன்று ஐந்தில் இருவர்.

தீர்ப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் ஏறி இறங்கும்போது ஆட்களையும் ஏற்றி இறக்க வேண்டும் என்ற வணிக நெருக்கடி உண்டு. நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கம் வலுவாகக் கேட்கும் இடங்களில் அதைத் தணிக்கும் கருவியாகவும் ஒப்பந்த முறை பயன்பட்டது. மானேசரில் மாருதி ஆலையில் 2011லும் 2012லும் மூண்ட போராட்டங்களின் மையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் கேள்வி இருந்தது இதனால்தான். ஆனால் சட்டம் திறந்துவைத்த வழியில்தான் வணிகம் நடக்கும்.

மாதச் சம்பளம் என்ற சொல்லும் பழைய பொருளில் இல்லை. வேளாண்மைக்கு வெளியே மாதச் சம்பளம் வாங்குவோரில் 71.1 சதவீதத்தினருக்கு 2017-18ல் எழுத்து வடிவில் வேலை ஒப்பந்தம் கிடையாது. 2023-24ல் அது 58 சதவீதம். காகிதம் கூடியிருக்கிறது. அதே காலத்தில், வைப்புநிதி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பு என எந்தச் சமூகப் பாதுகாப்பும் இல்லாதோர் 49.6 சதவீதத்திலிருந்து 53க்கு மேல் போயிருக்கிறார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதும் எழுத்து ஒப்பந்தம்தான். முறைப்படுத்தல் நடந்துவருகிறது என்பதற்கு 2018 முதல் மாதந்தோறும் வெளியாகும் வைப்புநிதிக் கணக்குகளைச் சான்றாகக் காட்டுகிறார்கள். புதிய கணக்கு தொடங்கப்பட்டால் ஒருவர் பதிவேட்டுக்குள் வந்திருக்கிறார் என்று பொருள். புதிதாக ஒரு வேலை உண்டானது என்றோ, அந்தக் கணக்கில் அடுத்த ஆண்டும் பணம் சேரும் என்றோ பொருள் இல்லை. இந்த வேறுபாட்டை அரசின் அறிவிப்புகள் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

பொறுப்பு எப்படித் துண்டு துண்டாகக் கழன்றுபோகிறது என்பதைத் திருப்பூரைவிட நன்றாகக் காட்டும் ஊர் இந்தியாவில் குறைவு. அயல்நாட்டுக் கடையில் தொங்கும் ஒரு பருத்தி டி-ஷர்ட்டின் உள்ளே ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அதைச் செய்தவர்கள் ஒரு டஜன் இடங்களில் இருக்கிறார்கள். ஆர்டர் எடுக்கும் ஏற்றுமதியாளர் நூலை வாங்கி நிட்டிங்குக்கு ஓரிடம் அனுப்புகிறார்; துணி டையிங்குக்கு வேறிடம், காம்பேக்டிங்குக்கு இன்னோரிடம், பிரிண்டிங்குக்கு மற்றோரிடம் போகிறது. கட்டிங் பெரும்பாலும் கம்பெனியிலேயே நடக்கும். தையலுக்கு வரும்போது 'பவர் டேபிள்' கான்ட்ராக்டர் வருகிறார். கம்பெனியின் கட்டடம், கம்பெனியின் தையல் இயந்திரம், கான்ட்ராக்டரின் ஆட்கள். அவருக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று பேச்சு. அவர் அதை ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்று பிரித்துத் தன் டெய்லர்களுக்குப் பீஸ் ரேட் போடுவார். டெய்லருக்குப் பக்கத்தில் துணியை எடுத்துக்கொடுத்து மடித்து வாங்கும் கைமடிக்கு ஷிப்ட் கணக்கு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. சனிக்கிழமை சம்பளம். அதே கூடத்தின் மறுபக்கம் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் பேக்கிங்கிலும் நிற்பவர்கள் கம்பெனியின் நேரடி ஆட்களாகவும் இருப்பார்கள், வேறு கான்ட்ராக்டரின் ஆட்களாகவும் இருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று வகைச் சம்பளக் கணக்கு. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் குறைந்தால் கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு அடுத்த வாரம் போன் வராது. யாரையும் வேலையை விட்டு நீக்கியதாக எங்கும் பதிவாகாது.

இந்த அமைப்பு பலருக்கு வாழ்வு தந்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். கைமடியாக வந்து டெய்லராகி, பத்து இயந்திரம் போட்டுத் தானே ஜாப் ஒர்க் எடுத்தவர்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. தென்மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கும், இப்போது பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோருக்கும், ஊரில் கிடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது நல்ல வருமானம். வைப்புநிதிப் பிடித்தம் வேண்டாம் என்று தொழிலாளிகளே சொல்வதையும் அங்கே கேட்கலாம். சம்பளத்தில் 12 சதவீதம் இன்று கழிகிறது. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவருக்கும் அடுத்த பஞ்சத்தில் ஊருக்குத் திரும்பக்கூடியவருக்கும் அது எட்டாத தொலைவு. 'அவர்களே கேட்பதில்லை' என்று இதைக் காட்டி விலகிக்கொள்வோர் உண்டு. நிலையாக ஓரிடத்தில் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை கொடுக்கப்படாத ஒருவர் நிலையான எதிர்காலத்துக்காகச் சேமிக்க மறுப்பது இயல்புதான். நம்பிக்கை தராத ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் அவருடைய மறுப்பை மட்டும் சான்றாக்குவது நேர்மையாகாது.

சட்டம் தொடங்கும் எண்ணிக்கையும் ஒரு வேலை செய்கிறது. பத்துப் பேர் இருந்தால் தொழிலாளர் ஈட்டுறுதி, இருபது பேர் இருந்தால் வைப்புநிதி. தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு பத்து, மின்விசையின்றி இருபது என்று வைத்திருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை இருபது, நாற்பது என இரட்டிப்பாக்கின; ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு இருபதிலிருந்து ஐம்பதாயிற்று; ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100லிருந்து 300 ஆயிற்று. வரம்பு தாழ்ந்திருப்பதால்தான் தொழில்கள் வளராமல் குறுகிக் கிடக்கின்றன என்ற வாதத்தை ஏற்றே இந்த மாற்றங்கள் வந்தன. ஆனால் பதிவுபெறாத சிறு தொழில்களின் கணக்கெடுப்பைப் பார்த்தால் வரம்பின் அருகில்கூடப் பெரும்பாலோர் இல்லை. கட்டுமானமும் வேளாண்மையும் நீங்கலாக, 2015-16ல் 6.34 கோடி தொழில்களில் 11.13 கோடிப் பேர் இருந்தார்கள். பணமதிப்பு நீக்கம், சரக்கு-சேவை வரி, பொதுமுடக்கம் மூன்றும் கடந்தபின் 2021-22ல் உழைப்பாளர் 9.79 கோடியாகச் சரிந்தனர். 2023-24ல் 7.34 கோடி தொழில்கள், 12.06 கோடிப் பேர். மீண்டுவிட்டது என்று செய்தி வந்தது. வகுத்துப் பாருங்கள்: ஒரு தொழிலுக்கு 1.76 பேர் இருந்த இடத்தில் இப்போது 1.64 பேர். கடைகள் பெருகின, கடைக்குள் இருக்கும் ஆட்கள் குறைந்தார்கள். இவற்றில் பெரும்பான்மை, கூலிக்கு ஒருவரைக்கூட வைக்காமல் ஒருவரோ ஒரு குடும்பமோ நடத்துவது. பத்துப் பேர் வரம்பைக் கண்டு அஞ்சி 1.64ல் நிற்பவர் யாரும் இல்லை. வேறு வேலை கிடைக்காததால் ஒரு தள்ளுவண்டியோ தையல் மெஷினோ போட்டவர்கள் இவர்கள்.

பெண்களின் கணக்கு தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் பங்கேற்போர் 2017-18ல் 23.3 சதவீதம்; 2023-24ல் 41.7. இவ்வளவு பெரிய ஏற்றம் இந்தியக் கணக்கெடுப்புகளில் முன்பு கண்டதில்லை. ஆனால் உழைக்கும் பெண்களில் சுயதொழில் என்று வகைப்படுத்தப்படுவோர் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆனார்கள், மாதச் சம்பளம் வாங்குவோர் 21லிருந்து 15.9 ஆகக் குறைந்தார்கள். சுயதொழில் என்ற அந்தப் பெட்டியில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பத் தொழிலுக்கு ஊதியமின்றி உதவுபவர்கள். மாட்டுக்குப் புல் அறுப்பவர், கணவரின் கடையில் உட்கார்பவர், தறிக்குத் தார் சுற்றித் தருபவர். இவர்கள் முன்பும் உழைத்தார்கள். இப்போது கணக்கில் வருகிறார்கள் என்பது நல்லதே. அதை வேலைவாய்ப்புப் பெருக்கம் என்று பாராட்டுவது அவர்களின் உழைப்பை இரண்டாவது முறையும் இலவசமாக எடுத்துக்கொள்வதாகும்.

பொறுப்பு அறுந்துபோனதன் முழு உருவமும் 2020ல் நெடுஞ்சாலைகளில் தெரிந்தது. மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு அடைக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர் இறந்தார்கள் என்று செப்டம்பரில் மக்களவையில் கேட்கப்பட்டபோது, விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். 1979லேயே மாநிலங்களுக்கிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதன்படி ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் தான் கூட்டிவந்தவர்களைப் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு செய்திருந்தால் அந்த மார்ச் மாதத்தில் யாருக்கு யார் சோறு போட வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் தொடங்கப்பட்டது. 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். பெரிய வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயரையும் ஆதாரையும் தொழிலையும் திரட்டும் அந்தப் பதிவேடு, அவர்களின் உழைப்பில் ஆதாயம் காண்பவர் எவரையும் எதற்கும் பொறுப்பாக்குவதில்லை. உழைப்பாளி இருக்கிறார், எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது.

அந்த எதிர்ப்பக்கத்தை நிரப்ப முடியும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரிகள் உண்டு. 1972ல் அகமதாபாத்தில் இலா பட் 'சேவா' அமைப்பைச் சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, இந்தப் பெண்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று தொழிலாளர் துறை முதலில் மறுத்தது. உழைப்பவர்கள் ஒன்றுசேர்வதற்கு எதிரே ஒரு முதலாளி நின்றாக வேண்டியதில்லை என்று வாதாடிப் பதிவு வாங்கினார் அவர். மகாராஷ்டிரம் 1969ல் சுமைதூக்குவோருக்காக மதாடிச் சட்டம் கொண்டுவந்தது: சந்தையில் மூட்டை தூக்குபவருக்கு நிலையான முதலாளி இல்லாவிட்டாலும், மூட்டைக்கு உரியவர் கூலியோடு தீர்வையையும் வாரியத்தில் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நெடிய போராட்டத்துக்குப்பின் 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. கொத்தனாரும் சித்தாளும் வாரத்துக்கு ஒரு மேஸ்திரியிடம், மாதத்துக்கு ஒரு கட்டடத்தில் வேலை செய்பவர்கள். முதலாளியைத் தேடிப் பயனில்லை என்பதால் கட்டடத்தையே பிடித்தார்கள்: வரைபட அனுமதி வாங்கும்போதே கட்டுமானச் செலவில் ஒரு பங்கு வாரியத்துக்கு. 1996ல் வந்த மத்தியச் சட்டத்தின்கீழும் தீர்வை ஒரு சதவீதம் என வைக்கப்பட்டது.

பணம் வந்தது, போய்ச் சேரவில்லை. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டும் சுமார் 9,500 கோடிதான் செலவாகியிருக்கிறது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் வேதனையோடு பதிவுசெய்தது. வாரியம் என்ற வடிவத்துக்கு வேறொரு எல்லையும் உண்டு. அது கல்வி உதவி தரும், திருமண உதவி தரும், இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும். நியாயமான கூலியைப் பெற்றுத்தராது. நலத்திட்டம் வந்துவிட்டதாலேயே கூலிக்கான கேள்வி பின்னுக்குப் போவதையும் பார்த்திருக்கிறோம்.

பீடித் தொழில் இதற்கு ஒரு படி மேலே போனது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வரும் இலையையும், கூடவே புகையிலைத் தூளையும் பீடிக்கடையில் எடை போட்டு வாங்கி வருகிறார்கள் பெண்கள். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனை மடக்கி, கட்டுகளாக்கி மறுநாள் கடையில் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சரியில்லாததைக் கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை ஆயிரத்துக்குக் காணாவிட்டால் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியது சுற்றுபவர்தான்.

வீட்டுத் திண்ணையில், நினைத்த நேரத்தில், மேற்பார்வையின்றிச் செய்யும் வேலை. இதில் முதலாளி-தொழிலாளி உறவு எங்கே என்று பீடி நிறுவனங்கள் கேட்டன. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றது. இடையில் எத்தனை ஒப்பந்ததாரர் இருந்தாலும் முதன்மை முதலாளி பொறுப்பு என்றது. 1974ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. 1985ல் பி.எம். பட்டேல் வழக்கில், வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வைப்புநிதி உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதற்கு நீதிமன்றம் காட்டிய காரணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தரமில்லை என்று கழிக்கும் உரிமை எவரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கட்டுப்பாடும் மேற்பார்வையும் இருக்கின்றன. வேலை எங்கே நடக்கிறது என்பது பொருட்டல்ல. இந்தத் தீர்ப்பால் தென்காசி, நெல்லை மாவட்டங்களில் தன் பெயரில் பி.எஃப். சேர்ந்து, ஓய்வூதியமும் வாங்கும் பெண்கள் இன்று இருக்கிறார்கள். எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஒருவர் பாஸ்புக்கில் இருவர் சுற்றுவதும், பதிவில்லாமலே சுற்றுவதும் தொடர்கின்றன. பீடிக் கூலி வாழப் போதாது. புகையிலைத் தூள் உடம்புக்குக் கேடு. இருந்தும், நாட்டின் மிகச் சிதறிய, மிக ஏழ்மையான பெண்கள் வேலையில் முதலாளியைச் சட்டத்தால் கண்டுபிடித்துப் பொறுப்பாக்க முடிந்திருக்கிறது.

செயலிவழி வேலையையும் இந்தப் பீடித் தீர்ப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். 2020-21ல் 77 லட்சம் பேர் இந்த வேலைகளில் இருந்ததாகவும், 2029-30ல் 2.35 கோடியாவார்கள் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. உணவு கொண்டுவருபவரை நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்கின்றன. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, விபத்தும் அவருடையது. எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதைச் செயலி முடிவு செய்கிறது. மதிப்பெண் குறைந்தால் ஆர்டர் குறைகிறது. ஒருநாள் ஐடி பிளாக் ஆகிவிடுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை மத்தியச் சட்டங்களில் முதன்முறையாகப் பெயர் சொல்லி ஏற்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம், உழைப்பாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. இது கட்டுமான வாரியத்தின் வழி. அதே சட்டம் இவர்களை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்றே வரையறுக்கிறது. ஆகவே குறைந்தபட்சக் கூலி, வேலைநேரம், பணிநீக்கத் தகராறு எதுவும் இவர்களுக்குச் சட்ட உரிமையாக வருவதில்லை.

ராஜஸ்தான் 2023ல் தனிச்சட்டம் இயற்றி ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தீர்வை எடுக்க வழிசெய்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு சுதந்திர தின உரையில் தனி நலவாரியம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகம் 2025ல் ஓர் அடி கூடுதலாக எடுத்துவைத்தது: காரணத்தை எழுத்தில் தந்து, 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் ஒருவரை நீக்க முடியும். பி.எம். பட்டேல் தீர்ப்பின் அளவுகோலை இங்கே பொருத்தினால் கர்நாடகச் சட்டமும் பாதி வழிதான் வந்திருக்கிறது என்பேன். கழிக்கும் உரிமை நிறுவனத்திடம் இருப்பதை அது ஒப்புக்கொண்டு, அந்த உரிமைக்கு ஒரு நடைமுறையை விதித்திருக்கிறது. கழிக்கும் உரிமை உள்ளவரே முதலாளி என்று சொல்லும் இடத்துக்கு இன்னும் எந்தச் சட்டமன்றமும் வரவில்லை. முறைசாரா உழைப்பின் அடுத்த பத்தாண்டு எப்படி இருக்கும் என்பது நாட்டின் வளர்ச்சி விகிதத்தைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைத்தான் பொறுத்திருக்கிறது. விடை வரும்போது அது டெலிவரி பையன்களோடு நிற்காது. பவர் டேபிள் டெய்லருக்கும், ஒரகடத்தின் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதையே எடுத்துக்காட்டி வழக்காட முடியும்.